கேள்வி – பதில்: பரிசில்லாத பாட்டு மேடை

வெற்றி தோல்வியே இல்லாமல் பல நாட்டார் டிவியில் பாடும் விழா ஒன்று உண்டாமே? பரிசு இல்லையென்றால் யார் வருவார்கள்?
– வாசகி, சித்தூர், பாலக்காடு

உண்டு. கோலாலம்பூரிலிருந்து இயங்கும் ஆசிய-பசிபிக் ஒலி-ஒளிபரப்பு ஒன்றியம் (ஏபியு) நடத்துகிறது. 2012-ல் சியோலில் ஆரம்பம். அடுத்தடுத்து ஹனோய், மக்காவ், இஸ்தான்புல். ஒன்றியத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டியே விழாவும் என்பதால், டிவி நிலையத்தார் எப்படியும் அங்கே வருகிறவர்கள்தான். ஓட்டு இல்லாததில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. 1956-ல் போட்டியாகவே பிறந்த ஐரோப்பியப் பாட்டு விழாவான யூரோவிஷன்போல எல்லா நாடும் ஒரே நேரத்தில் நேரலை காட்ட வேண்டியதில்லை. பதிவு செய்து, அவரவருக்குத் தோதான நேரத்தில் போடலாம்.

அதே பாணியில் ஓணத்துக்கு எங்கள் மன்றத்தில் தமிழ், மலையாளம் என்று 10 குழுக்கள் பாடுகின்றன. லோக்கல் கேபிளில் நேரலை. போன தடவை ஹாலில் செண்டை காதைப் பிளந்தது, டிவியில் கேட்கவே இல்லை. கூடவே ஓயாத இரைச்சல். ஏன்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஹாலில் செண்டைக்கு மைக்கே வேண்டாம். ஆபரேட்டர் வைத்திருக்க மாட்டார், வைத்திருந்தாலும் அதன் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை) இறக்கியிருப்பார். ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டிலிருந்து கேபிள்காரருக்கு லைன் கொடுத்தால் அந்த இறக்கமும் சேர்ந்தே போகும். ஒலி மிக்சரில் ஒரு ஆக்ஸை (தனியாக ஒலி வெளியே போகும் வழியை) டிவிக்கென்றே ஒதுக்கி, ஹால் ஃபேடரை இறக்கினாலும் மாறாதபடி பிரீ-ஃபேடரில் வையுங்கள். செண்டைக்கு ஒரு மைக், கைதட்டலுக்கு மேடையோரம் இரண்டு. மூன்றும் அந்த ஆக்ஸுக்கு மட்டும். ஒருவர் ஹெட்ஃபோனில் அதையே கேட்டபடி, குழு மாறும்போதெல்லாம் அளவைத் திருத்த வேண்டும்.

இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் ஹம்மாக, அதாவது கரண்டின் ரீங்காரமாக இருக்கும். மிக்சருக்கும் கேமரா மேசைக்கும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுத்தால் எர்த் வழியே சுற்று உண்டாகி ஹம் வரும். ஒரே பாயிண்டில் எடுங்கள். தீராவிட்டால் ஆடியோ லைனின் நடுவே, அந்தச் சுற்றை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னைப் பிடுங்கி ஹம்மை நிறுத்துகிறவர்கள் உண்டு. மைக்கைப் பிடித்துப் பாடுகிறவருக்கு அது உயிராபத்து.

பாட்டுக்கு 4 நிமிடம், குழு மாற 2 நிமிடம் என்றால் மொத்தம் 58. டிரம்ஸ், கீபோர்டு எல்லாக் குழுவுக்கும் பொதுவாக இருந்தால்தான் அந்த 2 நிமிடம் போதும். போட்டியில்லை, பாடும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்க வேண்டாம்: இரண்டு செண்டைக் குழுக்களுக்கு நடுவே தனிக்குரல் பாட்டைத் திரைக்கு முன்னால் பாட விடுங்கள், பின்னால் செட் ஆகிவிடும்.

சினிமாப் பாட்டென்றால் இன்னொன்று. டிக்கெட் வாங்காத ரசிகர்கள் முன் அமெச்சூர் மன்றம் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு விலக்கு தருகிறது. அந்த விலக்கு ஹாலோடு சரி. கேபிளில் போக அனுமதி யார் வாங்குவது என்று கேபிள்காரரிடம் முன்னதாகவே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.