பதில்: புல் கூரை நடுவில் ஒழுகுகிறது

புல்லை இன்னும் கனமாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படத்தைப் பார்த்தால் சாய்வு 25 பாகைக்கு மேல் இராது, கோளாறு அங்கேதான். புல் கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, ஒரு புல் தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குக் கைமாற்றிக் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு கற்றையும் கீழ்க்கற்றையின் மேல் ஏறிப் படுப்பதால், புல்லின் சாய்வு கூரையின் சாய்வைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் கூரையில் அது ஏறக்குறையக் கிடைமட்டமாகிவிட்டது. துளி வழியாமல் அங்கேயே தேங்கி உள்ளே இறங்குகிறது. இதன் மேல் எவ்வளவு அடுக்கினாலும் பாரம்தான் கூடும்.

பிரித்துவிட்டு முகட்டை உயர்த்துங்கள். 45 பாகைக்குக் குறையக் கூடாது, 50 இருந்தால் நிம்மதி. பிறகு கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி வேயுங்கள். மேல் வரிசை, கீழ் வரிசையைக் கட்டிய கயிற்றை முழுதாக மூட வேண்டும். வெளியே தெரியும் கயிறு ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழிகாட்டி. புல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பச்சையாகக் கட்டினால் சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும்.

முகட்டில் குச்சி குத்தி இறுக்கியிருக்கிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். புல்லை இருபுறமும் மடித்துப் போட்டு, பெருக்கல் குறி போலக் கட்டிய குச்சிகளை மேலே கவிழ்த்து வைத்தால் துளையே விழாது. இறவாரம் சுவரைத் தாண்டி ஓர் அடியாவது நீளட்டும்.

வேய்ந்த பின் பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் ஒரு பிடி புல்லைச் செருகுங்கள்.