ஆறு இல்லாத ஊரில் ஆற்றுப் படிப்பு

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறேன். கெட்டுப்போன ஓடைகளையும் ஆறுகளையும் பழையபடி கொண்டுவருவதே வெளிநாடுகளில் ஒரு தொழிலாம். இங்கே இருந்துகொண்டு அதை எங்கே படிப்பது? ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்பது பகிடியாகத் தெரிந்தால் மன்னியுங்கள் அக்கா.
– வாசகி, சண்டிலிப்பாய்

பகிடியே இல்லைத் தங்கச்சி. ஆனால் சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு ஆறு இல்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது. தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி உங்கள் ஊர் வழியாகப் போய் அராலியில் கடலேரியைத் தொடுகிற வழுக்கியாறு, மாரியில் மட்டும் ஓடினாலும் ஆறுதான், சுமார் 16 கிலோமீற்றர். கோடையில் அது காய்ந்து கிடக்கும்போது குப்பை கொட்டுகிற இடமாகவும், மாரியில் வெள்ளம் வந்தால் திட்டுகிற வாய்க்காலாகவும் நமக்குப் பழகிவிட்டது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டு படிக்கப் போனால் நல்லது. எங்கள் பக்கத்தில் குளத்தையோ வாய்க்காலையோ திருத்துவது என்றால் பெக்கோவைக் கொண்டுவந்து ஆழமாக்கி, இரண்டு பக்கமும் சீமெந்தில் சுவர் எழுப்புவது. என்னுடைய ஊர்க் குளத்துக்கும் அப்படித்தான் செய்தார்கள். அடுத்த மாரிக்கு ஆம்பல் வரவில்லை, தவளைச் சத்தம் இல்லை, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கச் சரிவும் இல்லை. ஓடையை அளவுக்கு மீறித் தோண்டினால் பக்கத்து நிலத்தின் நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற நன்னீர். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே நம் ஊரில் ஓடையைச் சரிசெய்வது என்றால் மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் நின்று, பரவி, ஊறுவதற்கு இடம் விடுவது.

இது அமெரிக்காவிலும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்தான். புளோரிடாவில் 166 கிலோமீற்றர் வளைந்து ஓடிய கிசிமி ஆற்றை, வெள்ளத்தைத் தடுக்கவென்று 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கிலோமீற்றர் நேர்க் கால்வாயாக்கினார்கள். ஈரநிலம் காய்ந்தது, பறவைகள் போய்விட்டன. அப்புறம் 1999 இல் கால்வாயின் ஒரு பகுதியை மண்போட்டு மூடி ஆற்றைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பத் தொடங்கி, 2021 இல்தான் முடித்தார்கள். கெடுக்க ஒன்பது வருடம், அதில் ஒரு பகுதியை மீட்க இருபத்திரண்டு வருடம்.

சரி, படிப்பு. இதற்கென்று தனியான பட்டத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், இந்த வேலைக்குப் பல கதவு உண்டு. உயிரியல் படித்த உங்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல், தாவரவியல், கடற்றொழில் விஞ்ஞானம் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம். மாத்தறைப் பக்கம் போகத் துணிவு இருந்தால் ருஹுணு பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே உண்டு. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அறிவியல் நகரிலேயே குடிசார் பொறியியல். வெட்டுப்புள்ளி கைவிட்டால் உலகம் முடிந்துவிடாது, சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள்.

பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அளக்கத் தெரிவது. வரைபடம் போடக் கியூஜிஐஎஸ் (QGIS), வெள்ளம் எங்கே எவ்வளவு உயரும் என்று கணக்குப் பார்க்க ஹெக்ராஸ் (HEC-RAS), இரண்டும் இலவசமான கணினி மென்பொருள்கள், பல்கலைக்கழக அனுமதி வருவதற்குள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்த மாரிக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு மதகைத் தெரிவுசெய்து, அளவுகோலோடு ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, என்ன நிறம், என்ன மீன், என்ன தும்பி என்று கொப்பியில் எழுதுங்கள், பக்கத்துக் கிணற்று நீர்மட்டத்தையும் சேர்த்து. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் எழுதினால் உங்கள் கையில் இருக்கிற கொப்பியை எந்த விரிவுரையாளரும் மரியாதையோடு பார்ப்பார்.

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போய் ஆற்றுவாழையைப் பிடுங்குவது, கரையை வெட்டுவது என்றால் கமநல சேவை நிலையத்திலும் அந்த இடத்துக் கமக்கார அமைப்பிலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறுபது வருடம் அந்தத் தண்ணீரில் வயல் செய்த பெரியவர், எந்த மாரிக்கு எந்தப் பக்கம் உடைத்தது என்று வாயாலேயே சொல்லுவார், அதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: கோப்பாயில் பிறந்தவன், இப்போது கனடாவில். இங்கே இந்தத் துறைக்கு மாறலாமா? ஏதாவது சான்றிதழ் உண்டா?
– வாசகர், ரொறன்ரோ

மாறலாம் தம்பி, நல்ல உதாரணம் உங்கள் நகரத்திலேயே இருக்கிறது. டொன் ஆற்றின் வாயை ஒரு காலத்தில் செங்கோணமாகத் திருப்பிக் கீற்றிங் கால்வாய்க்குள் விட்டிருந்தார்கள். இப்போது ஏரிக்கரையில் அதற்குப் புதிதாக ஆற்றுப்படுகையே வெட்டி, கரையில் ஈரநிலச் செடிகள் நட்டு, 2024 இல் தண்ணீரை இணைத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் நடந்து பாருங்கள். சூழல் மீளமைப்புக்கான சர்வதேசச் சங்கம் சான்றிதழ் கொடுக்கிறது, அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்று, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிலுநர் நிலையில் இன்னொன்று. காசு கட்டுவதற்கு முதல், மரம் நடுகிற தொண்டர் வேலைக்குச் சில சனிக்கிழமை போங்கள். குளிரிலும் சேற்றிலும் நிற்கப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மகள் குளம், மீன் என்று ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். சேற்றில் இறங்குகிற வேலை, பெண்பிள்ளைக்குச் சரிவருமா?
– தந்தை, அச்சுவேலி

ஐயா, வயலில் நாற்று நட்டது யார்? நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள்தானே. வேலையைப் பற்றிப் பயப்படாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் தொற்றுகிற எலிக்காய்ச்சலைப் பற்றிப் பயப்படுங்கள், மாரியில் அது உண்மையான ஆபத்து. காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், தடுப்பு மாத்திரையைப் பற்றி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள், இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் ஒருநாளும் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் நின்ற விஷயத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.