ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்றால் போதுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயதில் 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' வகை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை நடந்துவருகிறது. எனக்கு 38 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சி.ஏ. 15-3 என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். 'நார்மல்' என்று வந்தது. இனி நான் மேமோகிராம் எடுக்கத் தேவையில்லைதானே?
— ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: அவசியம் எடுக்க வேண்டும். ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் சி.ஏ. 15-3 என்ற புரதத்தின் அளவு உயர்வதில்லை, கல்லீரல் நோய் போன்ற வேறு காரணங்களால் அது உயர்வதும் உண்டு. ஏற்கெனவே பிற உறுப்புகளுக்குப் பரவிய நோய் சிகிச்சைக்குக் கட்டுப்படுகிறதா என்று கவனிப்பதற்கே மருத்துவர்கள் முக்கியமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். நலமாக இருப்பவர்களுக்கு அதைச் செய்வது வீண் செலவு என்பேன்; அதனால் வரும் பொய்யான நிம்மதி அந்தச் செலவைவிட மோசமானது.

இப்போது அதிகம் பேசப்படும் புதிய முறை, கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுவது. இவை சில மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், நோயின் அன்றைய நிலையை ஏறக்குறைய அப்படியே காட்டுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவை தென்பட்டால், ஸ்கேனில் எதுவும் தெரியும் முன்பே நோய் திரும்புவதற்கான அறிகுறியாக அது அமையக்கூடும். ஆனால் சிறிய கட்டி வெளியிடும் அளவு மிகக் குறைவாக இருப்பதால், முதன்முதலாகக் கண்டறிவதற்கு இதை இன்னும் நம்பியிருக்க முடியாது. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய மரபுப் பொருள் துணுக்குகளைத் தேடும் பரிசோதனைகளும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. ஒரு கட்டி எவ்வளவு தீவிரமானது என்பதை இன்றும் பயாப்ஸி சதைத் துணுக்கில்தான் பார்க்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் (ரிசெப்டார்) கட்டியின் செல்களில் இல்லாமல், ஹெர்-2 என்ற புரதமும் மிகுதியாக இல்லாததால்தான் உங்கள் அக்காவின் நோய்க்கு 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' என்று பெயர்.

உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் தேவையான ரத்தப் பரிசோதனை வேறொன்று. பி.ஆர்.சி.ஏ.-1 மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ள பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையாகவே இருக்கிறது. எனவே பி.ஆர்.சி.ஏ. பரிசோதனையை, ஏற்கெனவே செய்திருக்காவிட்டால், முதலில் அக்காவுக்குச் செய்ய வேண்டும். அவரிடம் பிழை தெரிந்தால் உங்களுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு, அந்த ஒரு பிழையை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். (இது தந்தை வழியாகவும் வரும் என்பதைப் பல குடும்பங்கள் கணக்கில் கொள்வதில்லை.) உங்களிடமும் பிழை இருந்தால், மேமோகிராமுடன் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பரிந்துரைப்பார்கள். இல்லாவிட்டாலும் வழக்கமான மேமோகிராமை விட்டுவிடக் கூடாது. இடையில் கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ தென்பட்டால், எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனை பெறலாம். போகும்போது அக்காவின் பயாப்ஸி அறிக்கையையும், தாய் வழி, தந்தை வழி உறவினர்களில் யாருக்கு எந்த வயதில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.