வாசகர் கேள்வி – பதில்: ‘எனக்கு அப்புறம்’ என்று பேசலாமா?

கேள்வி: வயது 61. என் வயது நண்பர் போன மாதம் திடீரெனத் தவறிவிட்டார். அதிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், ‘அடுத்து நான்தானோ’ என்று நெஞ்சு படபடக்கிறது. சாவை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படி?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: முதலில் டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி., சர்க்கரை, தைராய்டு சோதித்துவிடுங்கள். உடம்பில் காரணம் இருந்தால் மனசோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

எல்லாம் சரி என்றால், ஒரு நோட்டை எடுத்துப் பகலில் உட்காருங்கள். ராத்திரி எழுத வேண்டாம். அந்த நேரத்தில் எல்லாமே மலையாகத் தெரியும். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வலியில் கிடப்போமோ, ஐ.சி.யூ.வில் குழாய்களோடு முடிந்துபோவோமோ, மனைவிக்கு பேங்க் விஷயம் தெரியாதே, தம்பியோடு பேச்சு அறுந்து கிடக்கிறதே என்று வரும். இதில் பெரும்பாலானவை சாவைப் பற்றிய பயமே இல்லை. பாக்கி கிடக்கும் வேலைகள். ஒவ்வொன்றின் எதிரிலும் இந்த வாரம் செய்ய முடிந்த ஒரே ஒரு வேலையை எழுதுங்கள்.

உதாரணமாக ஐ.சி.யூ. பயம். மீள வழியே இல்லை என்ற நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரியின் சான்று, உங்கள் சார்பில் பேசப்போகிறவரின் பெயர், இவ்வளவும் வேண்டும். அந்த நபரிடம் ஒரு நகல் கட்டாயம் இருக்கட்டும். பீரோவுக்குள் பூட்டிய தாள் அவசரத்துக்கு உதவாது.

கடைசியில் ‘நான் இல்லாமல் போவேன்’ என்ற ஒரு வரி மிஞ்சும். அதை அழிக்க முடியாது, பழகலாம். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அதை நேராக நினைத்துவிட்டு, ‘இன்னும் ஒரு வருடம்தான் என்றால் இன்று எதை விடுவேன், எதைச் செய்வேன்?’ என்று கேளுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘காசி யாத்திரை’ என்று எழுதுவார்கள், அது எழுத்தோடு நின்றுவிடும். ‘செவ்வாய் சாயங்காலம் தம்பி வீடு’ என்று எழுதுங்கள், போவீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74. உயில் என்று எடுத்தாலே அம்மா, ‘விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு’ என்று அடக்கிவிடுகிறார்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மாவின் கோபம் பயத்தில் வருவது. ‘அப்பா, நான் உயில் எழுதப்போறேன், நீங்க படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க’ என்று உங்களுடையதைக் கொடுங்கள். திருத்த ஆரம்பித்தால் தன்னுடையதும் அவருக்கு ஞாபகம் வரும்.

வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். அப்பா கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். அப்பாவைவிட வயதில் குறைந்த, சொத்தில் பங்கு பெறாத ஆட்களாகப் பாருங்கள். ஃபிளாட் என்றால் கதவு எண்ணோடு விடாமல், சர்வே எண்ணையும் பிரிபடாத நிலப் பங்கையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ‘பேங்க்ல நாமினி போட்டாச்சே’ என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், உரிமை வாரிசுகளுக்கு.

கேள்வி: கண் தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். வீட்டார் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். உறவுகள் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும், ஏ.சி. ஓடலாம். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லாரும் தரலாம். நீங்கள் பதிவு செய்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் சம்மதிக்க வேண்டும். அதனால் இன்றே வீட்டில் சொல்லிவிட்டு, கண் வங்கியின் எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.