குளக்கட்டில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கிரவல் (சரளைக்கல்) பாதையில் ஓடுவதற்கான சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் எங்கு திரும்பினாலும் தார் வீதிதான். காடும் குளமும் உள்ள கிரவல் பாதை, ஞாயிறு காலை போய் மாலைக்குள் திரும்பும் தூரத்தில் இருக்கிறதா?
– பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

இருக்கிறது தம்பி. ஆனால் ஐரோப்பிய வீடியோக்களில் பார்த்த காட்டைக் கொழும்பைச் சுற்றித் தேடாதீர்கள். அங்கே காட்டுக்குள் நீண்டு கிடப்பது மரம் ஏற்றுவதற்காக வனத்துறை போட்ட சரளைப் பாதை. இங்கே காட்டுப் பாதை என்றால் அநேகமாக ஒரு படலை இருக்கும், ஓர் அதிகாரி இருப்பார், இரண்டும் இல்லாத இடத்தில் யானை நிற்கும். நமக்கு வாய்த்த கிரவல் பாதை குளக்கட்டும் வாய்க்கால் வீதியும்தான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த காலத்தில் அவற்றின்மேல் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடியவன் நான். இப்போது சம்பளம் இல்லாமல் ஓடுகிறேன்.

கையருகே உள்ளது தலங்கமைக் குளம். பத்தரமுல்லைக்குச் சற்று அப்பால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. காலை ஆறரைக்கு அங்கே நின்றால் தாழைக்கோழிகள் நீல முதுகைக் காட்டிக்கொண்டு தாமரை இலைமேல் நடப்பதைப் பார்க்கலாம். மரத்தில் ஊதாமுக மந்தி இருந்தாலும் இருக்கும். இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. பாதை நீளம் குறைவு, சைக்கிளைப் பழக அது போதும்.

காடு வேண்டுமென்றால் களனிவெளிப் பாதை ரயிலைப் பிடித்துப் பாதுக்கையில் இறங்குங்கள். சைக்கிளைப் பொதியாகப் பதிந்து காவலர் பெட்டியில் ஏற்ற வேண்டும். எல்லா ரயிலும் ஏற்றாது என்பதால் முதல்நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். பாதுக்கையிலிருந்து இங்கிரியப் பக்கம் போகும் வீதியை விட்டு இறங்கினால் இறப்பர் தோட்டங்கள். கிரவல், நிழல், ஏற்ற இறக்கம் மூன்றும் கிடைக்கும். தோட்ட வீதி தனியார் வீதி. வாசலில் நிற்கும் காவல்காரரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். பல தோட்டங்களில் தமிழிலேயே வழி கேட்கலாம். பால்வெட்டும் நேரம் விடியற்காலை. வெட்டும் தொழிலாளர்கள் வாளியுடன் குறுக்கே வருவார்கள், வேகத்தை அங்கே காட்ட வேண்டாம். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. கொழும்புக்குக் குடிநீர் தருபவை, காவல் உள்ளவை. அனுமதியின்றி உள்ளே போக முயலாதீர்கள்.

மேடே வேண்டாம் என்பவர் வத்தளையிலிருந்து ஹமில்டன் கால்வாய் ஓரமாக நீர்கொழும்புத் திசையில் போகலாம். பிரித்தானியர் 1804இல் வெட்டி முடித்த கால்வாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பு நிலம். மீன் வாடை பொறுக்காதவருக்குச் சரிவராது.

என் மகன் நண்பர்களோடு வில்பத்துவுக்குள் சைக்கிள் ஓடப் போகிறானாம். போகலாமா?
– ஒரு தாய், தெஹிவளை

போக முடியாது, அம்மா. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு எடுத்து வாகனத்தில் போகலாம். சைக்கிளை வாசலிலேயே மறிப்பார்கள். கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். யானை பூங்கா எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டில் யானை தாக்கி ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். யானைகள் அதைவிட அதிகமாகச் சாகின்றன. இறந்த மனிதரில் பெரும்பாலோர் பூங்காவுக்கு வெளியே, வயலோரத்திலும் ஊர் வீதியிலும் அகப்பட்டவர்கள்.

சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்பதுதான் ஆபத்து. மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், விலகிக்கொள்ளும். நீங்கள் வளைவில் திரும்பி அதன் காலடியில் போய் நிற்பீர்கள். அதனால் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: வரண்ட வலயத்தில் காலை ஏழுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் சக்கரம் உருளக் கூடாது. வளைவுகளில் மணி அடிக்க வேண்டும், வாய்விட்டுப் பேசிக்கொண்டு போக வேண்டும். பாதையில் கிடக்கும் யானைச் சாணத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்துக் காய்ந்து நார் நாராகப் பிரிந்தால் பழையது. பச்சை கலந்த பழுப்பாக, ஈரம் மினுங்கிக்கொண்டு, வண்டுகூட வந்து சேராமல் கிடந்தால் யானை பக்கத்தில் நிற்கிறது; வந்த வழியே திரும்பிவிட வேண்டும். வயலில் பரண் கட்டிக் காவல் இருக்கும் விவசாயி “போகாதே” என்றால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

டயர் எந்த அகலம்? காற்று எவ்வளவு?
– கொட்டாஞ்சேனை வாசகர்

40 மில்லிமீற்றர். காற்றைக் கடைக்காரர் அடித்துத் தரும் கல்லுப் போன்ற இறுக்கத்தில் விடாதீர்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு 35 பீஎஸ்ஐ அளவு போதும். கோடையில் கிரவல் வீதியில் பாயின் கோரைகள்போல் குறுக்கு வரிகள் விழுந்திருக்கும். இறுக்கமான டயரில் அவற்றைக் கடந்தால் பல்லும் முள்ளந்தண்டும் கணக்குக் கேட்கும். குளக்கட்டில் நெருஞ்சி முள் உண்டு. டியூப் இல்லாத டயர் போட்டு உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றி வைப்பது நல்லது. இன்னொன்று: உங்கள் சைக்கிளின் மெல்லிய வால்வு ஊர்க் கடையின் பம்புக்குப் பொருந்தாது. இரண்டையும் இணைக்கும் பொருத்தியை (அடாப்டர்) ஒரு சிறு பையில் போட்டு இருக்கைக்குக் கீழே கட்டிவிடுங்கள்.

நாங்கள் மூன்று நண்பர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். நீண்ட விடுமுறை வருகிறது. குளங்களைப் பார்த்துக்கொண்டே ஓட ஒரு பாதை சொல்லுங்கள். மேடு ஏற முழங்கால் இடம் கொடுக்காது.
– வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி

உங்கள் முழங்காலுக்காகவே ஐந்தாம் நூற்றாண்டில் ஒருவர் பாதை போட்டு வைத்திருக்கிறார். தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்தின் திசாவெவ வரை தண்ணீர் கொண்டுபோகும் ஜயகங்கை, யோத எல என்றும் சொல்வார்கள். நீளம் 87 கிலோமீற்றர். தொடக்கப் பகுதியில் அதன் இறக்கம் மைலுக்கு ஆறு அங்குலம், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்றிமீற்றர். மட்டம் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டே நாங்கள் இப்படியொரு சரிவைப் பிடிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஓடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த வாய்க்காலுக்கு ஒரு பக்கம்தான் கட்டு. மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவில் விழும் மழை அப்படியே வந்து சேர்ந்துகொள்ளும். பள்ளமான இடத்தில் தண்ணீர் விரிந்து சிறு குளமாக நிற்கும். கொக்கு, நீர்க்காகம், எருமை எல்லாம் அந்தப் பக்கம். சைக்கிள் ஓடுவது இந்தப் பக்கம், கட்டின்மேல். மருத மரம் நிற்கும் இடங்களில் நிழல் கிடைக்கும். வாய்க்காலை விட்டு ஊர் வீதிக்கு இறங்க வேண்டிய இடங்களும் வரும். மறுபடி கட்டைப் பிடிக்கத் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) எங்கே என்று கேளுங்கள், எந்தப் பிள்ளையும் காட்டும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதை ரயிலில் போனால் கலாவெவ நிலையம் வரும். முதல்நாள் குளக்கட்டையும் அவுக்கன புத்தர் சிலையையும் பாருங்கள். பாறையோடு ஒட்டி நிற்கும் 12 மீற்றருக்கு மேற்பட்ட உருவம், வெயில் சாயும் முன்பே போய்விடுங்கள். மிச்ச இரண்டு நாளில் அநுராதபுரம். கோடையில் குளம் வற்றும்போது உள்ளே புல் முளைக்கும், அதை மேய யானைகள் இறங்கும். மேலே நான் எழுதிய நேரக் கணக்கு அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

எப்போது போவது என்று கேட்பீர்கள். பெப்ரவரி, மார்ச். மாரி மழையில் நிரம்பிய குளத்தில் அப்போது நல்ல தண்ணீர் நிற்கும். ஜூலையில் போனால் கச்சான் (தென்மேற்குக்) காற்று கட்டின்மேல் பக்கவாட்டில் அடிக்கும். மூவரில் மெலிந்தவர் ஒருவர் இருந்தால் அவரை நடுவில் விடுங்கள்.

வடக்குக் குளங்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?
– வவுனியாவைச் சேர்ந்தவர், இப்போது மட்டக்குளி

நியாயமான கேள்வி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளம் எல்லாமே நல்ல கட்டுகள். முருங்கன் ரயில் நிலையத்தில் இறங்கிக் கட்டுக்கரைக்குப் போய் வருவது ஓர் அருமையான காலைப்பொழுது. வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் இன்னும் நன்று. ஒரு நிபந்தனை மட்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. உழவு இயந்திரத் தடமோ சைக்கிள் தடமோ இல்லாத பாதையில் புதிதாக வழி கண்டுபிடிக்கும் ஆசை வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் இறங்கி, வந்த தடத்திலேயே திரும்புங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழிக்கு இது தெரியாது.

நான் தனியாகச் சைக்கிள் ஓடுவதை வீட்டில் விரும்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஆசிரியை, வத்தளை

வீட்டாருக்குப் பதில் சொல்ல நான் யார்? கிளிநொச்சியிலும் மன்னாரிலும் ஆசிரியைகள் தினமும் கிரவலில் சைக்கிள் மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள், பலர் இன்றும் போகிறார்கள். அவர்களை யாரும் பயண வீராங்கனை என்று அழைக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. தொடக்கத்தில் தலங்கமைக்கு ஒரு தோழியோடு போங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். இது ஆண்களுக்கும் சொல்வதுதான், அவர்கள்தாம் கேட்பதில்லை.

மழைக்காலத்தில் கிரவலில் ஓடலாமா?
– கிருலப்பனை வாசகர்

ஓடலாம், சேறு சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நிறைந்து சைக்கிள் நிற்கும் வரை. இறப்பர் தோட்டங்களில் அட்டை ஏறும். உப்போ சவர்க்காரமோ காலுறையில் தடவுங்கள். அட்டையைவிட நான் அஞ்சுவது எலிக்காய்ச்சலுக்கு. மழைக்குப் பின் வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சிறு கீறல் இருந்தாலே கிருமிக்குப் போதும். காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். போய் வந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் பரசிட்டமோல் விழுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போய், வயல் சேற்றில் இறங்கினேன் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.