பூனைக்குக் காவல் அப்பாவா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சொந்த வீடு, தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. பின்பக்கத் தாழ்வாரத்தில் அப்பா முன்பு தறி போட்டிருந்தார். அந்த இடம் சும்மா கிடந்ததால் போன வருடம் அங்கே ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் கம்பி வலைக் கூண்டு அடித்து எட்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் விட்டேன். முட்டையிட எட்டுப் பானை கட்டியிருக்கிறேன். முதலில் நன்றாகக் குஞ்சு பொரித்தன. ஆறு மாதமாக ஒரே தொல்லை. பெண் பறவைகள் ரத்தம் வரும்வரை சண்டை போடுகின்றன. குஞ்சுகளைத் தாயே கடித்து வெளியே தள்ளுகிறது. முட்டைகள் பல காலையில் பார்த்தால் ஜில்லென்று கிடக்கின்றன. பூனை வரவும் வழியில்லை. அப்பா இரவில் கூண்டுக்குப் பக்கத்தில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறார். அவர் இருமுகிற சத்தத்துக்கே பூனை ஓடிவிடும். தகரக் கூரை என்பதால் சேலம் வெயில்தான் காரணமா? ஏற்காட்டில் மச்சான் வீடு இருக்கிறது. கோடைக்குப் பறவைகளை அங்கே கொண்டுபோய் விட்டால் சரியாகுமா? வீட்டில் இரண்டு படுக்கையறை. நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகன், அப்பா.

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி, கூண்டின் நீள அகலம் எழுதியிருக்கிறீர்கள். பானை எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். பறவைக்கு வெயில் தாங்குமா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. எத்தனை நாளாக இருமுகிறார் என்றும் எழுதவில்லை. பூனை ஓடுகிற அளவுக்கு இருமுகிறார் என்று மட்டும் போகிற போக்கில் வேடிக்கையாக ஒரு வரி. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

லவ் பேர்ட்ஸ் சண்டை, குஞ்சு சாவு என்று எனக்கு வருகிற கடிதங்களுக்குக் குறைவே இல்லை. அதற்கான பதில் மனப்பாடம், பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தக் கட்டிலைப் பற்றிப் பேச வேண்டும்.

வீட்டில் ஒரு பெரியவர் ராத்திரி முழுக்க இருமினால் யாராவது எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். நீங்கள் அந்த இருமலைக் காவல் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். காலமெல்லாம் தறியில் உட்கார்ந்து நூல் தூசியைச் சுவாசித்த நெஞ்சு அது. அதற்குப் பக்கத்தில் பதினாறு பறவைகள். நீங்கள் லவ் பேர்ட்ஸ் என்று வளர்க்கும் பட்ஜி இனத்தின் இறகிலிருந்து மாவுபோல ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். எச்சம் காய்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கும். இதை மாதக்கணக்கில் சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் புண்பட்டு, கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகத் தடித்துப் போகும். புறா வளர்ப்பவர்களிடமும் பட்ஜி வளர்ப்பவர்களிடமும் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் நோய்தான். இன்னொன்று, சிட்டகோசிஸ் என்கிற கிளிக் காய்ச்சல். பறவை நன்றாக இருப்பதுபோலவே தெரியும், ஆனால் எச்சத்தில் கிருமி வெளியேறும். மனிதர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கி நிமோனியா வரை போகும், வயதானவர்களை அதிகம் படுத்தும். கண்டுபிடித்துவிட்டால் மருந்தில் குணமாகும். ஆனால் வீட்டில் பறவை இருக்கிறது என்று சொல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் இது சட்டென்று தோன்றாது.

உங்கள் அப்பாவுக்கு இதில் எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இவை எதுவுமே இல்லாமல் காசநோயாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் அதற்குக் காசுகூட வாங்குவதில்லை. சேலம் ஜி.எச். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு நீங்களே கூட்டிப் போங்கள். மகனோடு அனுப்பிவிட்டு போனில் விசாரிக்கிற வேலை வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தறி வேலை செய்தவர், பறவைக் கூண்டுக்குப் பக்கத்தில் படுப்பவர் என்று இரண்டையும் டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்பா சொல்ல மாட்டார். பிள்ளையின் ஆசைக்குக் குறை சொன்னதாகிவிடுமே என்று விழுங்கிவிடுவார்.

‘காற்றோட்டமாக இருக்கும் என்று அவரேதான் அங்கே படுக்கிறார்’ என்ற பதில் உங்களிடம் தயாராக இருக்கும். தெரியும். உங்களுக்கு ஓர் அறை, பேரனுக்கு ஓர் அறை என்று பிரித்த பிறகு அவர் ஆசைப்படுவதற்கு வீட்டில் வேறு என்ன மிச்சம் இருந்தது? அந்தக் காலத்தில் பெரியவர்கள் திண்ணையில் படுக்கவில்லையா என்பீர்கள். திண்ணை வாசலில் இருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பேசிவிட்டுப் போவான். பின்பக்கத் தாழ்வாரத்தில் அவரோடு பேச யார் இருக்கிறார்கள்?

பெற்றவரின் கட்டில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, இடமில்லை என்ற கணக்கையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கப் போவதுமில்லை, தறி இருந்த வீடு என்றாலே தெரிகிறது. பத்தாவது படிக்கிற பையன் தாத்தாவோடு ஒரே அறையில் படுத்தால் மார்க் குறைந்துவிடாது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெரியும்வரை அந்த அறை முழுக்க அப்பாவுக்கு, பையன் ஹாலில் படுக்கட்டும். இன்று ராத்திரியே கட்டிலை உள்ளே போடுங்கள், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ‘சும்மா கிடந்த இடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே. குழித்தறியாக இருந்திருந்தால், அந்தக் குழியை மண் போட்டு மூடியபோது அவர் எங்கே இருந்தார்? கூண்டு வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? சரி, அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. விடுகிறேன்.

முட்டைக்கு வருவோம். அதற்கும் கட்டிலுக்கும் சம்பந்தம் உண்டு. பட்ஜிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அடைகாப்பது பெண் மட்டும்தான், ஆண் வெளியே இருந்து இரை ஊட்டும். நடு ராத்திரியில் பக்கத்திலேயே ஒருவர் இருமினாலோ, எழுந்து விளக்கைப் போட்டாலோ ஒன்று திடுக்கிட்டுப் பறக்கும், அது பறந்ததும் கூண்டே பறந்து வலையில் மோதும். அடையில் இருந்த பெண்ணும் பானையை விட்டு வெளியே வந்துவிடும். விளக்கை அணைத்த பிறகு திரும்பிப் போக வழி தெரியாமல் விடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். முட்டை பொரிய 18 நாள் சூடு வேண்டும், இடையில் ஓர் இரவு முழுக்க ஆறிப்போனால் உள்ளே இருக்கிற கரு செத்துவிடும். உங்கள் ஜில்லென்ற முட்டைகளில் பாதிக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவை உள்ளே படுக்க வைத்தால் முட்டையும் பிழைக்கும். இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முட்டைக்காகவாவது செய்வீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பூனைக்கு ஆள் வைக்கத் தேவையில்லை. இப்போதுள்ள வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி அரை அங்குலக் கண் உள்ள இன்னொரு வலை அடித்தால் பூனைக் கை எட்டாது, எலியும் நுழையாது. ராத்திரி மூன்று பக்கம் தார்ப்பாய் இறக்கிவிடுங்கள், காற்று வர ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

மிச்ச முட்டைகள் கரு கூடாதவையாக இருக்கலாம். ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சிவப்பு நரம்பு ஓடவில்லை என்றால் கரு இல்லை. உட்காரும் குச்சி ஆடினால் இணை சேர்வது தவறிப்போகும். கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வெட்டி, அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

சண்டை விஷயம். இந்தப் பறவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. அங்கே மழை பெய்து புல் விதை பிடித்ததும் கூட்டமாக வந்து, யூகலிப்டஸ் மரப் பொந்துகளில் முட்டையிடும். பொந்தைத் தேர்ந்தெடுப்பதும் அதற்காக அடித்துக்கொள்வதும் பெண்தான். காட்டில் தோற்ற பெண் அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். ஆறுக்கு நான்கடிக் கூண்டில் அது எங்கே போகும்? இங்கேயே சுற்றி வந்து, தாய் தீனி எடுக்க இறங்கிய நேரம் பார்த்துப் பானைக்குள் புகுந்து குஞ்சைக் குதறும். தாயே கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், கண்ணால் பார்த்தீர்களா? சில தாய்கள் செய்வதுண்டு. ஆனால் உங்கள் கூண்டில் நான் சந்தேகப்படுவது பானை கிடைக்காத வேறொரு பெண்ணை. விடியற்காலையில் அங்கே இருப்பவர் அப்பா ஒருவர்தான். எந்தப் பறவை எந்தப் பானைக்குள் புகுகிறது என்று அவரைக் கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்பதால் அவர் சொல்லாமல் இருந்திருப்பார்.

எட்டு ஜோடி என்பதே எனக்குச் சந்தேகம். கடையில் குஞ்சாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று சரியாகத் தெரியாது. இப்போது வளர்ந்துவிட்டன, மூக்குக்கு மேலே உள்ள சதையைப் பாருங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளை போன்ற சில நிறங்களில் ஆணுக்கும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பெண் ஒன்று கூடுதலாக இருந்தால் அன்றைக்கே வெளியே எடுங்கள். துணையில்லாத ஒரு பெண் போதும், மொத்தக் கூண்டையும் கெடுத்துவிடும்.

ஜோடிக்கு ஒரு பானை என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. ஜோடிக்கு இரண்டு வேண்டும். எல்லாப் பானையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், மேலும் கீழுமாகக் கட்டினால் உயரத்தில் இருப்பதற்குத்தான் எல்லாமே அடித்துக்கொள்ளும். பதினாறு பானைக்கு உங்கள் கூண்டில் இடம் கிடையாது. அதனால் பானையைக் கூட்டாதீர்கள், பறவையைக் குறையுங்கள். நான்கு ஜோடி, எட்டுப் பானை. பானை கட்டிய பிறகு புதிதாக ஒரு பெண்ணையும் உள்ளே விடாதீர்கள்.

முதலில் நன்றாகப் பொரித்தன, பிறகு கெட்டது என்கிறீர்கள். கெடாமல் என்ன செய்யும்? வருடம் முழுக்கப் பானை தொங்கினால் பெண் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும், பொரித்த குஞ்சு பானையை விட்டு இறங்க ஐந்து வாரம். இடைவெளி இல்லாமல் இப்படியே ஓட்டினால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றி, ஒருநாள் முட்டை உள்ளேயே சிக்கி அந்தப் பெண் செத்துப்போகும். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். இப்போதுள்ள குஞ்சுகள் இறங்கியதும் பானைகளைக் கழற்றுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை பானையே வேண்டாம். மழை விழுந்து வெக்கை தணிந்த பிறகு கட்டலாம். தினை மட்டும் போட்டால் போதாது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கிக் கூண்டில் கட்டுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, முளைகட்டிய பயறு, குஞ்சு இருக்கும்போது வேகவைத்த முட்டை கொடுங்கள்.

ஏற்காடு வேண்டாம். வறண்ட நாட்டுப் பறவையை 1500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பனிமூட்டத்திலும் ஈரத்திலும் வைத்தால் பானைக்குள் பூசணம் பிடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கிப் போவதையும் அடையில் இருக்கிற பறவை தாங்காது. போதாததற்கு அங்கே காப்பித் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் விளைகிறது. யாராவது ஆசையாக ஒரு துண்டு வைத்துவிட்டால் பட்ஜிக்கு அது விஷம். சேலத்து வெயிலுக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், மதியம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள், குளிக்க அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள். அந்தத் தகரம் பறவைக்குச் சுடும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதே தகரத்துக்குக் கீழேதான் கட்டிலும் கிடக்கிறது, அது தோன்றவில்லை.

கூண்டைக் கூட்டுமுன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு நீங்களே கூட்டுங்கள். இதுவரை அப்பா கூட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வளர்ந்த பறவை ஏதாவது காரணம் தெரியாமல் செத்தால் புதைக்காமல் ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளிக் காய்ச்சல் சந்தேகம் இருக்கிறது என்று அங்கேயும் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு வீட்டில் பறவையே கூடாது என்று டாக்டர் சொன்னால் பேரம் பேசாதீர்கள். பாதியை வைத்துக்கொள்கிறேன், மாடிக்கு மாற்றுகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். பாவம் பார்ப்பதாக நினைத்துக் கூண்டைத் திறந்தும் விட்டுவிடாதீர்கள், காக்கையும் பருந்தும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடும். இடம் உள்ள யாருக்காவது ஜோடி பிரிக்காமல் கொடுங்கள். வலை, குச்சி, பானை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், காசு கேட்க வேண்டாம்.