கைபேசி தானாக விழுமா?

கேள்வி: உளவியல் திகில் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்பவள் ‘நான்’. உயிர்த்தோழி ஒருத்தி அவள் வாழ்க்கையைச் சிறிது சிறிதாக அரிக்கிறாள். மூன்று அத்தியாயங்களைப் படித்த என் கணவர், “தோழியைவிட இந்த ‘நான்’ மேல்தான் எனக்குச் சந்தேகம்” என்கிறார். படர்க்கைக்கு மாற்றிவிடட்டுமா? சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, புளியரை

பதில்: மாற்றாதீர்கள். நல்ல வாசகர் ஒருவரை வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள்.

படர்க்கையில் எழுதினாலும் இந்தச் சந்தேகம் போகாது. 1955இல் வெளியான பாட்ரிசியா ஹைஸ்மித்தின் ‘த டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ முழுக்க ‘அவன்’ என்றே செல்கிறது. ஆனாலும் நண்பனைக் கொல்பவனின் மண்டைக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். நீங்கள் பார்க்க வேண்டியது வினைச்சொற்களை.

உங்கள் பக்கங்களில் தோழி செய்வதெல்லாம் ‘கிழித்தாள்’, ‘உடைத்தாள்’, ‘மறைத்தாள்’. ‘நான்’ முறை வந்ததும் ‘கிழிந்தது’, ‘உடைந்தது’. தோழியின் கைபேசி குண்டாறு அணையில் ‘விழுந்துவிட்டது’. யார் கையிலிருந்து? பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அதில்தான் உங்கள் கணவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. தமிழில் ‘செய்தேன்’ என்றால் ஆள் மாட்டிக்கொள்வாள். மலை தாண்டி கேரளத்து ஆரியங்காவுக்குப் போனால், மலையாளத்தில் ‘ஞான் செய்து’, ‘அவள் செய்து’ இரண்டுக்கும் ஒரே வால். ஒளிந்துகொள்ள இன்னும் வசதி!

இது எனக்கு அனுபவப் பாடம். மீட்டர்கேஜ் காலத்தில் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஒரு தோழியுடன் தினமும் ரயிலில் போய்வந்தேன். எனக்கு வந்த கடிதங்களைப் பிரித்து, பெட்டி முழுவதும் கேட்கும்படி வாசிப்பாள். பிறகு கட்டிக்கொண்டு அழுவாள். அந்த ஆண்டு நாட்குறிப்பில் அவள் குற்றங்களுக்கெல்லாம் தேதியும் கிழமையும் உண்டு. நடுவில் ஒற்றை வரி: ‘அவளுடைய சீசன் டிக்கெட் தொலைந்துவிட்டது.’ கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தில் அதை ஜன்னல் வழியே வீசியது இந்தக் கைதான். அபராதம் கட்ட அவளுக்குப் பணம் கொடுத்ததை மட்டும் தொகையோடு எழுதி வைத்திருக்கிறேன்.

தோழியையும் முழு நஞ்சாக்கிவிடாதீர்கள். ‘நான்’ காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சித் தூக்கோடு வருபவள் அவளாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் இவள் ஏன் இன்னும் விலகவில்லை என்று உங்கள் கணவரே அடுத்துக் கேட்பார். கைபேசி வரியை அப்படியே விடுங்கள். கடைசி அத்தியாயத்தில், அதே அணைக்கரையில், ‘போட்டேன்’ என்று ஒரு சொல் வந்தால் போதும்.